லேபிளுக்குப் பின்னால் யார் வரைவது?

ஒரு பம்ப் அறையின் கண்காணிப்புத் திரை. பின்னணியில் தொட்டி, குழாய், வால்வு எல்லாம் வரைந்த பெரிய படம். அதன் மேல் ஆங்காங்கே நீர்மட்டம், அழுத்தம் என்று நாற்பது எண்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் (.நெட்டில் ஜன்னல் நிரல்கள் எழுத உதவும் கருவித்தொகுப்பு) படம் காட்டும் பிக்சர்பாக்ஸ் ஒன்றை வைத்தேன், மேலே எழுத்து காட்டும் லேபிள்களை இழுத்துப் போட்டேன், பின்னணி நிறமான பேக்கலரில் டிரான்ஸ்பரண்ட் (ஊடுருவித் தெரிவது) என்று கொடுத்து ஓட்டினேன். ஒவ்வொரு எண்ணையும் சுற்றி ஒரு சாம்பல் செவ்வகம். நீலத் தொட்டியின் மேல் பிளாஸ்திரி ஒட்டியது மாதிரி.

விபி 6 (விஷுவல் பேசிக் 6) காலத்திலிருந்து வந்த ஆள் நான். அங்கே லேபிளின் பேக்ஸ்டைலை 0 என்று வைத்தால் வேலை முடிந்தது. அதனால் இந்தச் சாம்பல் கட்டம் ஏதோ பக் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வீணடித்தேன். பக் இல்லை. விபி 6 லேபிளுக்குச் சொந்த விண்டோ கிடையாது, ஃபார்மே அதைத் தன் மேல் வரைந்துவிடும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் லேபிளோ ஹேண்டில் (விண்டோஸ் தரும் அடையாள எண்) வைத்திருக்கும் தனி விண்டோ. அதன் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதுவே பொறுப்பு.

அப்படியென்றால் டிரான்ஸ்பரண்ட் என்று கொடுத்தால் என்னதான் நடக்கிறது? கண்ட்ரோல் (லேபிள், பட்டன் போன்ற திரைப் பொருள்) தன் பேரன்ட்டை, அதாவது தன்னைத் தாங்கும் பொருளைக் கூப்பிட்டு, "என் இடத்தில் உன் பின்னணி எப்படி இருக்குமோ அப்படி என் மேல் வரைந்துகொடு" என்கிறது. பேரன்ட்டின் பின்னணியும் பெயிண்ட் இவென்ட்டும் (வரையும் நேரத்தில் ஓடும் நிரல்) கண்ட்ரோலின் பரப்பிலேயே ஓடுகின்றன. அதற்கு மேல் கண்ட்ரோல் தன் எழுத்தை எழுதுகிறது. அதாவது இது கண்ணாடி இல்லை, பின்னால் இருப்பதைப் பார்த்து வரைந்த நகல். அந்த நகலுக்குப் பேரன்ட்டை மட்டும்தான் கேட்கும். அருகில், அடியில் கிடக்கும் மற்ற கண்ட்ரோல்களை யாரும் கேட்பதில்லை. என் லேபிளின் பேரன்ட் ஃபார்ம், பிக்சர்பாக்ஸ் அல்ல. ஃபார்ம் சாம்பல் நிறம், ஆகவே லேபிளும் சாம்பல்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஒரு பட்டன் மேல் பாதி ஏறியிருக்கும்படி ஒரு டிரான்ஸ்பரண்ட் லேபிளை வைத்துப் பாருங்கள். பட்டனின் அந்தப் பாதி கத்தரித்தது போல் காணாமல் போகும்.

(கீழே வரும் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்தைத் தட்டினால் மீதியை அதுவே காட்டிவிடும்.)

முதல் வைத்தியம், பேரன்ட்டை மாற்றுவது. பிக்சர்பாக்ஸ் மற்ற கண்ட்ரோல்களைத் தாங்கும் கன்டெய்னர் இல்லை என்பதால் டிசைனரில் இழுத்துப் போட்டு இதைச் செய்ய முடியாது. கன்ஸ்ட்ரக்டரில் (ஃபார்ம் உருவாகும்போது ஓடும் நிரல்), டிசைனரில் வைத்தவற்றை உருவாக்கும் இனிஷியலைஸ் கம்போனென்ட் முடிந்த பிறகு எழுத வேண்டும் (‘படம்’ என்பது பிக்சர்பாக்ஸ்):

வர் இடம் = படம்.பாயின்ட்டுகிளையன்ட்(லேபிள்.பேரன்ட்.பாயின்ட்டுஸ்கிரீன்(லேபிள்.லொகேஷன்));
லேபிள்.பேரன்ட் = படம்;
லேபிள்.லொகேஷன் = இடம்;

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். லேபிள் ஃபார்மில் 340, 210 என்ற இடத்தில் இருந்தது, படம் 120, 60இல் தொடங்கியது. பேரன்ட்டை மாற்றியதும் அதே 340, 210 படத்தின் மூலையிலிருந்து எண்ணப்பட்டது. சரியான இடம் 220, 150. தொட்டியின் எண் குழாய் மேல் போய் உட்கார்ந்தது, ஓரத்தில் இருந்த இரண்டு லேபிள்கள் படத்தின் எல்லைக்கு வெளியே போய்க் கண்ணிலேயே படவில்லை.

நான்கைந்து லேபிள் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பாதி ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை, அதன் மேல் வெள்ளை எண் என்ற மாதிரி வேண்டுமென்றால் சொந்தக் கண்ட்ரோல் எழுத வேண்டும். கண்ட்ரோல் வகுப்பிலிருந்து ஒன்றை உருவாக்கி, பேக்கலரைத் தொடுவதற்கு முன்பே செட்ஸ்டைல் மூலம் சப்போர்ட்ஸ் டிரான்ஸ்பரண்ட் பேக்கலர் என்ற கொடியை ஏற்றிவிடுங்கள். ஏற்றாமல் டிரான்ஸ்பரண்ட் கொடுத்தால், இந்தக் கண்ட்ரோல் அதை ஏற்காது என்று ஆர்குமென்ட் எக்ஸப்ஷன் வரும். பிறகு கண்ட்ரோல் தன்னை வரையும் ஆன்பெயிண்டில் கலர்.ஃப்ரம்ஏஆர்ஜிபி(128, 0, 0, 0) கொண்டு செவ்வகத்தை நிரப்பி எழுத்தை எழுதுங்கள். முதல் எண்தான் ஆல்ஃபா: 0 என்றால் ஒன்றும் தெரியாது, 255 என்றால் முழுக்க மூடிவிடும். ஆன்பெயிண்ட்பேக்கிரவுண்டை மட்டும் தொடாதீர்கள், பேரன்ட்டைக் கேட்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. மறைவான பரப்பில் வரைந்து மொத்தமாகத் திரைக்குக் கொண்டுவரும் டபுள் பஃபரிங்கைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. திரை ஏனோ இழுக்கிறதே என்று படத்தின் பெயிண்ட் இவென்ட்டில் ஒரு கவுண்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு முறை முழுத் திரையைப் புதுப்பித்தால் 41 காட்டியது. தனக்காக ஒன்று, நாற்பது லேபிள்களுக்காக நாற்பது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெரிய படத்தைச் சுருக்கி வரைந்துகொண்டிருந்தது பாவம். படத்தைத் திரை அளவுக்கு ஒரே முறை சுருக்கி, 32 பிட் பிஏஆர்ஜிபி (ஆல்ஃபாவை நிறத்தோடு முன்கூட்டியே பெருக்கிய) வடிவப் பிட்மேப்பாக வைத்துக்கொண்டு, அளவு மாறும்போது மட்டும் புதிதாகச் செய்தேன். மூச்சு வந்தது.

பேரன்ட்டை மாற்ற வழியே இல்லை, அடியில் கிடக்கும் இன்னொரு கண்ட்ரோல் தெரிந்தே ஆக வேண்டும் என்கிறீர்களா? அதற்குப் பழைய வின்32 (விண்டோஸின் அடிப்படை நிரல் இடைமுகம்) வழி இருக்கிறது. விண்டோ உருவாகும்போது தரும் அமைப்புகளான கிரியேட்பேரம்ஸை ஓவர்ரைடு செய்து (நம் நிரலால் மாற்றி எழுதி) எக்ஸ்ஸ்டைலில் ஹெக்ஸ் 20, அதாவது 32 என்ற பிட்டைச் சேர்க்க வேண்டும். டபிள்யூஎஸ்_இஎக்ஸ்_டிரான்ஸ்பரண்ட் என்பது இதுதான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது எதையும் ஊடுருவ வைக்காது, "அடியில் இருக்கும் சகோதர விண்டோக்கள் வரைந்த பிறகு என்னை வரை" என்ற வரிசையை மட்டும்தான் சொல்கிறது. இங்கே நிலைமை தலைகீழ்: ஆன்பெயிண்ட்பேக்கிரவுண்டைக் காலியாக விட வேண்டும், டபுள் பஃபரிங் கூடாது. வைத்தால் பஃபரின் கறுப்பு அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த வழியில் என்னை வாட்டியது அழிப்புதான். பின்னணியை யாரும் துடைப்பதில்லை என்பதால், மதிப்பு மாறும்போது மறுபடி வரையச் சொல்லும் கண்ட்ரோலின் இன்வேலிடேட்டை மட்டும் கூப்பிட்டால் பழைய எண் மேல் புது எண் ஏறும். 87க்கு மேல் 88, அதற்கு மேல் 89. மூன்றாவது விநாடியில் அது எண்ணே இல்லை, கிறுக்கல். பட்டையும் அடர்ந்துகொண்டே போகும்: 128 ஆல்ஃபாவில் முதல் பூச்சு பின்னணியைச் சுமார் பாதி மறைக்கும், இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் 87.5 சதவீதம். ஆகவே தன்னை அல்ல, பேரன்ட்டைத் துடைக்கச் சொல்ல வேண்டும்: பேரன்ட்.இன்வேலிடேட்(பவுண்ட்ஸ், ட்ரூ). அந்த ட்ரூ இருந்தால்தான் அங்கே கிடக்கும் கண்ட்ரோல்களும் சேர்ந்து வரையப்படும். இதைச் செய்தால் சரியாக வரும், ஆனால் மினுக்கும். விநாடிக்கு விநாடி மாறும் எண்ணுக்கு இந்த வழி வேண்டாம். ஒரு முறை வரைந்து அப்படியே இருக்கும் கோடு, அம்புக்குறி போன்றவற்றுக்குப் பரவாயில்லை.

கிளிக்கும் தானாக அடியில் போய்ச் சேராது. சுட்டி எதன் மேல் இருக்கிறது என்று விண்டோஸ் கேட்கும் நான்கிளையன்ட் ஹிட்டெஸ்ட் செய்திக்கு, வின்ட்ப்ராக்கில் (செய்திகளைக் கையாளும் நிரல்) எச்டிட்ரான்ஸ்பரண்ட் என்ற −1ஐ விடையாகத் திருப்பித் தர வேண்டும். அதே த்ரெட்டைச் சேர்ந்த அடி விண்டோவுக்குக் கிளிக் போய்விடும்.

டெக்ஸ்ட்பாக்ஸில் இதையெல்லாம் முயலாதீர்கள். அது விண்டோஸின் எடிட் கண்ட்ரோலைப் போர்த்திய உறை. நீங்கள் தட்டும்போது அது பெயிண்ட் செய்திக்குக் காத்திராமல் நேராகத் திரையில் வரைகிறது, நடுவில் புகுந்து ஒன்றும் செய்ய முடியாது. மதிப்பை வெறும் எழுத்தாக வரைந்துவிடுங்கள். பயனர் கிளிக் செய்ததும் அதே இடத்தில் சாதாரண, நிறம் பூசிய டெக்ஸ்ட்பாக்ஸ் ஒன்றைக் காட்டி, ஃபோகஸ் போனதும் மறைத்துவிடுங்கள். தட்டெழுதும் நேரத்தில் பின்னால் படம் தெரியவில்லையே என்று இதுவரை யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

முழு ஃபார்மிலேயே ஓட்டை போட டிரான்ஸ்பரன்சிகீ இருக்கிறது. எந்த நிறத்தைக் கொடுக்கிறீர்களோ அந்த நிறப் பிக்சல்கள் மறையும், அச்சு அசலாக அதே நிறம் மட்டும். எழுத்தின் ஓரத்தில் கலந்து வரும் பிக்சல்கள் மறையாது. மெஜந்தாவைச் சாவியாகக் கொடுத்தால் எழுத்தெல்லாம் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு நிற்கும். பின்னால் வரப்போகும் நிறத்துக்கு நெருங்கிய நிறத்தைச் சாவியாக எடுத்தால் அந்த ஓரம் உறுத்தாது. நிஜமான பிக்சல்வாரி ஆல்ஃபா வேண்டுமென்றால் லேயர்ட் விண்டோ, அதாவது பின்னால் இருப்பதோடு விண்டோஸே கலந்து காட்டும் விண்டோ. விண்டோஸ் 8 முதல் குழந்தை விண்டோக்களுக்கும் அது செல்லும், ஆனால் மேனிஃபெஸ்டில் (நிரலோடு வரும் அறிவிப்புக் கோப்பு) விண்டோஸ் 8 ஆதரவைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். அங்கே எழுத்துக்கு, ஓரங்களை மெருகேற்றும் கிளியர்டைப் வேண்டாம், பின்னணி தெரியாமல் அது ஓரங்களைக் கெடுக்கும். ஆன்டிஏலியாஸ் கிரிட்ஃபிட் போதும்.

டபிள்யூபிஎஃப், க்யூட்டி என்ற வேறு கருவித்தொகுப்புகளின் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. அங்கே ஒரு ஜன்னலுக்குள் இருப்பதெல்லாம் ஒரே பரப்பில் அடுக்கடுக்காக வரையப்படுகின்றன. டபிள்யூபிஎஃப்பில் ஒன்று மட்டும் கவனம்: பேக்கிரவுண்ட் நல் (எதுவும் தரப்படவில்லை) என்றால் கிளிக் கீழே போகும், டிரான்ஸ்பரண்ட் என்றால் அங்கேயே நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் திரைக்குத் திரும்புகிறேன். கடைசியில் நாற்பது லேபிள்களையும் தூக்கிவிட்டேன். டபுள் பஃபரிங் போட்ட ஒரே ஒரு பேனல். எண் ஒவ்வொன்றுக்கும் இடம், எழுத்து, நிறம் வைத்திருக்கும் சின்ன வகுப்பு, அவை எல்லாம் ஒரு லிஸ்டில். பேனலின் பெயிண்டில் முதலில் படம், பிறகு லிஸ்டை வரிசையாக ஓட்டிப் பட்டையும் எண்ணும். பரப்பு ஒன்றே என்பதால் ஆல்ஃபா தானாகவே சரியாக வந்தது. யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. கவுண்டர் 1 காட்டியது. கிளிக் வந்தால் லிஸ்டைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டி, செவ்வகத்துக்குள் புள்ளி இருக்கிறதா என்று கன்டெய்ன்ஸால் பார்க்கிறேன். மேலே வரைந்தது முதலில் சிக்கும். இடங்களைப் பிக்சலில் அல்லாமல் படத்தின் அகல உயரத்தில் எத்தனை பங்கு என்று 0 முதல் 1 வரை வைத்தேன், ஜன்னலை இழுத்தாலும் எண் தொட்டியை விட்டு நகராது.

இழந்ததும் உண்டு. டேப் விசையால் ஒவ்வொன்றாகப் போக முடியாது, ஸ்கிரீன் ரீடருக்கு அந்த எண்கள் இருப்பதே தெரியாது. அதனால் பம்ப்பை நிறுத்தும் பட்டன்களை மட்டும் நிஜக் கண்ட்ரோலாக, ஒளிவு மறைவில்லாத திட நிறத்தில் விட்டுவைத்திருக்கிறேன்.

எண் மாறும்போது அதன் செவ்வகத்தை மட்டும் இன்வேலிடேட் செய்தால் போதும், ஆனால் பழைய செவ்வகத்தையும் புதியதையும் ரெக்டாங்கிள்.யூனியனால் சேர்த்துக் கொடுங்கள். 100 இறங்கி 99 ஆனபோது கடைசிப் பூஜ்யத்தின் பாதி ஒரு வாரம் என் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.