புது லேப்டாப்பில் வைஃபை நிற்கவில்லையா? அறுபடும் இடத்தை முதலில் கண்டுபிடியுங்கள்

கல்லூரி சேர்க்கை முடிந்த கையோடு வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கத்து ஊர்களில் பல வீடுகளுக்குப் புது லேப்டாப் வந்துவிடும். கூடவே வைஃபை தகராறும் வரும். குடியாத்தத்திலிருந்து அக்கா மகள் போனில் சொன்னாள்: “மாமா, வருது, போவுது, நிக்கவே மாட்டேங்குது. என் போன்ல மட்டும் நல்லா வருது.” அந்த லேப்டாப்பைச் சரிசெய்தபோது கற்றதையும், அதன்பிறகு சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் பலருக்குப் பார்த்துக் கொடுத்ததில் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். எல்லாம் விண்டோஸ் 11-க்கு.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதையும் ரீசெட் செய்யாதீர்கள். யூடியூபில் முதலில் சொல்வதே ‘நெட்வொர்க் ரீசெட்’தான். அதைச் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அழியும், போட்டு வைத்த அமைப்புகள் போகும். கோளாறு ரவுட்டரில் இருந்தால் அது அப்படியே இருக்கும்.

படி 1: மூன்று பிங்

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுங்கள். வைஃபை என்ற தலைப்பின் கீழ் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஓர் எண் வரும். அதுதான் உங்கள் ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1; ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29.1.

உங்கள் லேப்டாப்பின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். செட்டிங்ஸில் அந்த வைஃபை பெயரை ‘ஃபர்கெட்’ கொடுத்து, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, மறுபடி இணையுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் மூன்று பிங் போடுங்கள். பிங் (ping) என்று தட்டி, இடைவெளி விட்டு முகவரியைக் கொடுத்தால் அந்த இடம் பதில் சொல்கிறதா என்று காட்டும். முதலாவது ரவுட்டரின் எண்ணுக்கு, இரண்டாவது வெளியே உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு, மூன்றாவது ஏதாவது ஒரு வலைத்தளத்தின் பெயருக்கு. கட்டளையின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் சின்ன எழுத்து ‘டி’யும் (-t) சேர்த்தால் நீங்கள் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த கன்ட்ரோல்-சி. விட்டு விட்டு அறுபடும் கோளாறுக்கு இப்படி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி. நான்கு வரி பதில் வந்ததும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று மூடிவிட்டால் எதுவும் தெரியாது.

முதல் பிங்கிலேயே ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ வந்தால் கோளாறு லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில். படி 2-க்குப் போங்கள். ரவுட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் லேப்டாப் மேல் குற்றமில்லை. ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்து, லைன்காரரைக் கூப்பிடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) கோளாறு. வைஃபை ப்ராபர்ட்டீஸில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் போட்டால் போதும்.

மூன்றுக்கும் பதில் வந்து, பிரவுசர் மட்டும் பக்கத்தைத் திறக்க மறுத்தால் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புது லேப்டாப்பில் நேர மண்டலம் அமெரிக்காவில் இருப்பது உண்டு. அதைப் பார்த்துக் கடிகாரத்தைக் கையால் திருத்தினால் உள்ளே இருக்கும் நேரம் தப்பாகிவிடும். கடிகாரம் தப்பினால் வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை பிரவுசர் ஏற்காது. நேர மண்டலத்தைச் சென்னை என்று இருக்கும் வரிக்கு மாற்றி, ‘சிங்க் நவ்’ கொடுங்கள். கூடவே வந்த சோதனைக்கால ஆன்ட்டிவைரஸையும் நான் எடுத்துவிடுவேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும்.

படி 2: எந்தப் பேண்டில் இருக்கிறீர்கள்?

எனக்கு நிறைய நேரம் பிடித்த இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேண்ட் என்பது ரவுட்டரும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும் அலைவரிசை.

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதில் நீங்கள் இணைந்திருக்கும் பெயரின் ப்ராபர்ட்டீஸ். கீழே இறங்கினால் ‘நெட்வொர்க் பேண்ட்’, ‘லிங்க் ஸ்பீட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். அந்த இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் வீட்டில் பேண்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ், லிங்க் ஸ்பீட் 72 எம்பிபிஎஸ் என்று இருந்தது. லிங்க் ஸ்பீடில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் உண்மையில் கைக்குக் கிடைக்கும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டும் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு 40 வருவதே அரிது. அதே இடத்தில் அவள் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. “போன்ல மட்டும் நல்லா வருது” என்றதன் காரணம் அவ்வளவுதான். ரவுட்டரில் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். லேப்டாப் முதலில் பிடித்த 2.4-ஐ விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

2.4-இல் இடம் மிகக் குறைவு. இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள் (பேண்டுக்குள் உள்ள பாதைகள்) உண்டு. ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்தக்கூடியவை 1, 6, 11 மூன்றுதான். ஒட்டு ஒட்டாக வீடுகள் உள்ள தெருவில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் அடித்துக்கொள்ளும்போது, நேதாஜி மார்க்கெட்டில் காலை நேரத்தில் எதிர்க்கடைக்காரரிடம் விலை கேட்பது போலத்தான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் மவுஸும் அதே பேண்டில்தான் இருக்கின்றன. பலருக்குத் தெரியாத இன்னொன்று: யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அதன் கேபிளும் 2.4-இல் இரைச்சலைக் கிளப்பும். இதை 2012-லேயே இன்டெல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டிஸ்க் செருகியதும் வைஃபை மந்தமானால் டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. பிரவுசரில் ரவுட்டரின் எண்ணைத் தட்டி உள்ளே போங்கள் (பாஸ்வேர்டு பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்). இரண்டு பேண்டுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். 5-க்கு முடிவில் 5 என்று சேர்த்தால் போதும். லேப்டாப்பில் பழைய பெயரை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு 5-இல் மட்டும் இணையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் என்று இருக்கட்டும். டிகேஐபி என்று இருந்தால் எவ்வளவு நல்ல லேப்டாப்பாக இருந்தாலும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

சேனலை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸில் 36, 40, 44, 48 அல்லது 149, 153, 157, 161-இல் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். நடுவில் 52 முதல் 144 வரை உள்ளவை ரேடாரோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். ரவுட்டர் அவற்றில் பேசத் தொடங்கும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் போல ஏதாவது கேட்டால் உடனே சேனலை விட்டு எழுந்து போக வேண்டும். அப்படி எழுந்து போகும்போது உங்கள் ஆன்லைன் வகுப்பும் அறுந்துவிடும். இந்தியாவில் இந்தப் பேண்டின் பெரும்பகுதி உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது 2018 அக்டோபரில்தான். ஆகவே அதற்கு முந்திய ரவுட்டரில் சில சேனல்கள் பட்டியலிலேயே இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

5-க்கு ஒரு குறை உண்டு. சுவரைத் தாண்டும் தெம்பு குறைவு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கருங்கல் சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். ஃபைபர்காரர் தெருவாசல் பக்கம் துளை போட்டு, அங்கேயே டிவி அலமாரிக்குள் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருப்பார். பிள்ளை படிப்பது பின்கட்டில். நடுவில் இரும்பு பீரோ. இங்கே எந்த செட்டிங்ஸும் உதவாது. பெட்டியை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் மாட்டுங்கள். 40 டிகிரி தாண்டும் வேலூர் வெயிலில் மூடிய அலமாரிக்குள் அது வெந்துபோகும் என்பதும் ஒரு காரணம்.

பின்கட்டுக்கு சிக்னல் வேண்டுமென்றால் சுவரில் செருகும் ‘பூஸ்டர்’ வாங்காதீர்கள். ரவுட்டரிடம் வாங்கியதையே அதே காற்றில் திருப்பிப் பேசுவதால் வேகம் பாதியாகும். அதற்குப் பதில் ஒரு கேட்6 லேன் கேபிளை இழுத்து, இரட்டைப் பேண்டு உள்ள பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் கொடுக்கும் பெட்டியாக) வையுங்கள். அதில் டிஹெச்சிபியை (முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, 192.168.1.2 போல வேறு முகவரி கொடுத்து, லேன் துளையிலிருந்து லேன் துளைக்கு இணைத்தால் வேலை முடிந்தது. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

படி 3: தூங்கி எழுந்ததும் வைஃபை போகிறதா?

மூடியை மூடித் திறந்ததும் அறுந்தால், அல்லது சார்ஜர் கழற்றியதும் அறுந்தால், மின்சேமிப்புதான் காரணம். டிவைஸ் மேனேஜர், நெட்வொர்க் அடாப்டர்ஸ், வைஃபை கார்டின் ப்ராபர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். அங்கே மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியில் உள்ள டிக்கை எடுங்கள். பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் ‘ப்ரிஃபர்ட் பேண்ட்’ என்று இருந்தால் 5-ஐத் தேர்ந்தெடுங்கள்.

வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்; அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டால் உங்கள் மாடலுக்கு உரியது வரும். ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள் எதையும் இறக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் டிரைவர் தாவலில் ‘ரோல் பேக்’ கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று: ‘ஷட் டவுன்’ கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருப்பதால் விண்டோஸின் உள்நிலை அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்ப வரும். டிரைவர் மாற்றிய பிறகு ‘ரீஸ்டார்ட்’தான் கொடுக்க வேண்டும்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

பவர் மேனேஜ்மென்ட் தாவலே இல்லை என்று பலர் கேட்டார்கள். ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ உள்ள புது லேப்டாப்களில் அது மறைந்திருக்கும். உங்கள் பார்வையில் குறை இல்லை. அட்வான்ஸ்டு தாவலில் மின்சேமிப்பு தொடர்பான வரி ஏதாவது இருந்தால் அதை அணையுங்கள். பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள்.

முதல்முறை ஆன் செய்யும்போதே வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியவில்லை என்றார் ஆற்காட்டிலிருந்து ஓர் அம்மா. ஆண்ட்ராய்டு போனை டேட்டா போகும் யூஎஸ்பி கேபிளில் செருகி, போனில் ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். லேப்டாப் அதை லேன் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அமைப்பு முடிந்ததும் அதே வழியில் டிரைவரையும் இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு கேபிள் என் பையில் எப்போதும் இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த லேப்டாப்பில் வீட்டு வைஃபை பெயரே தெரியவில்லை, போனில் தெரிகிறது என்று ஒருவர். அங்கே 2.4-இல் 1 முதல் 11 வரைதான் வழக்கம். ரவுட்டர் ஆட்டோவில் 12 அல்லது 13-க்குப் போயிருந்தால் அப்படிப்பட்ட சில கார்டுகள் அதைக் காட்டாது. ரவுட்டரில் 6 அல்லது 11 என்று நிலைநிறுத்துங்கள்.

சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்களும், விடுதி மாணவர்களும் கேட்டது: இணைந்துவிட்டது, ஆனால் லாகின் பக்கம் வரவில்லை. கைமுறையாகப் போட்ட டிஎன்எஸ்ஸை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள், விபிஎன்னை அணையுங்கள், ‘ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்’ ஆஃபில் இருக்கட்டும். பிறகு பிரவுசரில் ரவுட்டரின் எண்ணைத் தட்டினால் பெரும்பாலும் லாகின் பக்கம் வந்துவிடும்.

டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டே காணோம் என்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஆன் செய்யுங்கள். வந்தால் நல்லது. வரவில்லை, அல்லது வந்து மறுபடி காணாமல் போகிறது என்றால் கார்டிலோ போர்டிலோ கோளாறு. அடியைத் திறக்காதீர்கள், வாரன்ட்டி போகலாம். மாற்றிக்கொள்ள ஆன்லைன் கடைகள் தரும் அவகாசம் சில நாள்கள்தான், ஆகவே அன்றைக்கே எழுதிப் போடுங்கள். கார்டு இல்லாத டிவைஸ் மேனேஜர் திரையையும், அதே அறையில் போனில் வைஃபை ஓடுவதையும் படம் எடுத்து இணைத்துவிட்டால் ‘ரவுட்டரைப் பாருங்கள்’ என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.