குறைந்த விலையில் காருக்கு டேஷ்கேம்: வாங்குவது முதல் பொருத்துவது வரை

ரூ.3,000 முதல் ரூ.6,000 வரையிலான விலையில் டேஷ்கேம், அதாவது முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் பதிவுசெய்யும் கேமரா, தேடுபவரின் கண்ணில் முதலில் படுவது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ‘4கே’ என்ற எழுத்துதான். இந்த விலையில் அந்த எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. விபத்து நேரும் சில விநாடிகளில் கேமரா இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், பதிவு கெடாமல் மெமரி கார்டில் சேர வேண்டும், முடிந்தவரை எதிர் வண்டியின் எண் தெரிய வேண்டும். கீழுள்ள படிகள் இந்தத் தேவைகளை ஒட்டியே அமைந்துள்ளன.

படி 1: முதலில் வெயிலைக் கணக்கில் எடுங்கள்

வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா நேரடி வெயிலையும் வாங்கிக்கொள்கிறது. லித்தியம் பேட்டரி உள்ள கேமராவில் இந்தச் சூட்டினால் பேட்டரி உப்பலாம், அல்லது மெல்லத் திறனிழக்கலாம். திறனிழந்த பேட்டரி, இஞ்சினை அணைத்தவுடன் கடைசிக் கோப்பை முறையாக மூடிச் சேமிக்கும் அளவுக்குக்கூட மின்சாரம் தராது என்பதால், நமக்கு மிகவும் தேவைப்படும் அந்தக் கோப்பே திறக்க முடியாமல் போகக்கூடும்.

பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டர் (சிறிதளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) உள்ள கேமராக்கள் சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. மின்சாரம் நின்றபின் அவை சில விநாடிகளே இயங்கும்; கோப்பை மூடி வைக்க அது போதும். விவரக்குறிப்பில் கெபாசிட்டர் என்ற சொல் இல்லாமல் மில்லி ஆம்பியர்-மணி (mAh) கணக்கு மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது பேட்டரி என்று கொள்ளலாம். காரை எப்போதும் மூடிய நிறுத்தத்தில் வைப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. தெருவில் நிறுத்துபவர் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

படி 2: தெளிவை சென்சாரின் பெயரால் அளவிடுங்கள்

1080பி என்பது 1920×1080 புள்ளிகள், அதாவது சுமார் 2 மெகாபிக்சல். 1440பி என்பது ஏறத்தாழ 3.7 மெகாபிக்சல், 4கே என்பது 3840×2160, அதாவது 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். சென்சார் என்பது கேமராவுக்குள் படத்தைப் பிடிக்கும் சில்லு. மலிவான கேமராக்கள் பலவற்றில் காணப்படும் சோனி ஐஎம்எக்ஸ்307 சென்சார் 2 மெகாபிக்சல் வகை, ஐஎம்எக்ஸ்335 என்பது 5 மெகாபிக்சல் வகை. ஆகவே ஐஎம்எக்ஸ்335 சென்சாரைக் குறிப்பிட்டுவிட்டு 4கே என்றும் எழுதியிருந்தால், எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குகிறது என்றே பொருள். அதில் கோப்பின் அளவு கூடுமே தவிர விவரம் கூடாது. சென்சாரின் பெயரையே சொல்லாத கேமராவை நான் வாங்கமாட்டேன்.

பார்வைக் கோணம் 130, 140 டிகிரி அளவில் இருந்தால் போதுமானது. 170 டிகிரி என்று பெருமையாகச் சொல்லும் கேமராவில் சாலை முழுவதும் தெரியும், ஆனால் நடுவில் போகும் வண்டியின் நம்பர் பிளேட் சிறுத்துவிடும்.

இரவுதான் உண்மையான சோதனை. நம் வண்டிகளில் இப்போதுள்ள உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டுகள் ஒளியைத் திருப்பி எறிபவை. நம் ஹெட்லைட் பட்டவுடன் அவை பதிவில் வெறும் வெள்ளைக் கட்டமாகிவிடுவதுண்டு. அதிக வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்படுத்தும் டபிள்யூடிஆர் (WDR) அல்லது எச்டிஆர் (HDR) வசதி இதை ஓரளவு சரிசெய்யும். ஆயினும் எதிரே வேகமாக வரும் வண்டியின் எண்ணை இரவில் பிடிப்பதை இந்த விலையில் எந்தக் கேமராவிடமும் எதிர்பார்க்க வேண்டாம். நம்மை உரசிய வண்டியின் எண்ணைப் பார்த்தால் உடனே அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். படத்தில் விழாத எண் ஒலிப்பதிவில் விழுந்துவிடும். வாங்குமுன் அந்த மாடலை நம் நாட்டுச் சாலைகளில் இரவில் பயன்படுத்தியவர்களின் காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எண்ணைப் படிக்க முடிகிறதா என்று சோதியுங்கள்.

படி 3: ஒரு கேமராவா, இரண்டா?

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் முன்பக்கம் மட்டும் போதும். அதே விலைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் இரண்டிலும் தரத்தைக் குறைத்திருப்பார்கள்.

படி 4: மெமரி கார்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்

டேஷ்கேம் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும். கார்டு நிரம்பியதும் பழைய கோப்பை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். விநாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி ஆகும். அந்தக் கணக்கில் 64 ஜிபி கார்டு ஒன்பது மணி நேர ஓட்டத்திலேயே ஒருமுறை முழுவதும் நிரம்பி, மீண்டும் முதலிலிருந்து எழுதப்படும். கைபேசிக்கான சாதாரண கார்டு இந்த உழைப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. எந்த அறிவிப்புமின்றிப் பதிவு நின்றுபோவதற்குப் பழுதான கார்டு ஒரு முக்கியக் காரணம். ‘ஹை எண்டூரன்ஸ்’ (தொடர்ந்து எழுதுவதைத் தாங்கும் வகை) என்று குறிப்பிட்ட, எழுதும் வேகத்தைக் காட்டும் யூ3 (U3) அல்லது வி30 (V30) முத்திரையுள்ள கார்டையே வாங்குங்கள். கேமரா அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். போலி கார்டுகள் சந்தையில் ஏராளம் என்பதால் நம்பகமான விற்பனையாளரிடம் வாங்கி, கணினியில் அதன் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிச் சோதிப்பது நல்லது. பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை அதையே திரும்பச் செய்யுங்கள்.

படி 5: மின்சாரம்

தொடக்கநிலையாளருக்குச் சிகரெட் லைட்டர் சாக்கெட்டே ஏற்றது. கேமராவுடன் வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும்; அப்படியானால் காரை விட்டு இறங்கும்போது அடாப்டரைக் கழற்றாவிட்டால் காரின் பேட்டரி இறங்கிவிடும்.

நிறுத்தியிருக்கும்போதும் கண்காணிக்க வேண்டுமானால் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து இணைக்கும் ஹார்ட்வயர் கிட் தேவை. அதில் நிரந்தர மின்சாரம், சாவியோடு வரும் மின்சாரம், எர்த் என மூன்று வயர்கள் இருக்கும். பேட்டரி மின்னழுத்தம் 12 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் தானே துண்டித்துக்கொள்ளும் வசதி அதில் இருப்பது கட்டாயம். காரின் வயரை வெட்டி ஒட்டுவதற்கு யாரையும் அனுமதிக்காதீர்கள். உத்தரவாதக் காலத்தில் அது வீண் தகராறு. ஃபியூஸில் செருகும் இணைப்பான் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

படி 6: பொருத்துதல்

பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநருக்கு இடப்புறமாக, வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் கேமரா அமைய வேண்டும். வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டினால் மழைக்காலம் முழுவதும் நீர்த்துளிகளே பதிவாகும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் இருக்கும். அதை மறைக்காமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள். கண்ணாடியைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, முதலில் கேமராவைக் கையில் பிடித்துப் படத்தைப் பார்த்த பிறகே ஒட்டுநாடாவின் மேல்தாளை உரியுங்கள்.

வயரை மேற்கூரை லைனிங்கின் விளிம்பில் செருகி, கதவோரத் தூண் வழியாகக் கீழே இறக்குங்கள். அந்தத் தூணுக்குள் திரை ஏர்பேக் (பக்கவாட்டு மோதலில் திரைபோல விரியும் காற்றுப்பை) உள்ள காராக இருந்தால், வயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது. இந்த இடத்தில் சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் பணிமனைக்குச் சென்றுவிடுவதே சரி.

படி 7: அமைப்புகள்

தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று முதலில் பாருங்கள். அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். தெருவிளக்குகளின் சிமிட்டல் பதிவில் குறையும். கேமரா தரும் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

அதிர்ச்சி உணரும் ஜி-சென்சாரைக் குறைந்த அளவில் வைக்க மறக்காதீர்கள். மோதலை உணர்ந்ததும் அந்தக் கோப்பை அழிக்க முடியாதபடி பூட்டுவது அதன் வேலை. நம் ஊர் வேகத்தடைகளையும் பள்ளங்களையும் அது விபத்தென்றே நம்பிவிடும். பூட்டிய கோப்புகள் பெருகிக் கார்டை அடைத்துவிட்டால் புதிய பதிவுக்கு இடமிருக்காது.

படி 8: விபத்துக்குப் பின்

காயமடைந்தவர்களைக் கவனித்த பின், முதல் வேலையாகக் கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றுங்கள். தொடர்ந்து ஓடினால் பூட்டப்படாத கோப்புகள் அழிந்துபோகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் காணொளி சுருக்கப்படுவதால் அதை அசலாகக் கருத முடியாது. கணினியில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு கார்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்குரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும் (உள்ளடக்கம் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) அதில் கேட்கப்படுகிறது. ஆகவே கோப்பை வெட்டவோ திருத்தவோ செய்யாமல், அது கார்டில் இருக்கும் நிலையிலேயே வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள்.