கலோரிமீட்டர் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. இரண்டையும் கலோரிமீட்டரில், அதாவது வெப்பத்தை அளக்கும் கோப்பையில், கலக்கிறோம், வெப்பநிலை 6.7 டிகிரி ஏறுகிறது. நடுநிலையாக்கல் என்தால்பி, அதாவது அமிலமும் காரமும் சேர்ந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம், எவ்வளவு? நிறை, தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்), வெப்பநிலை மாற்றம் மூன்றையும் பெருக்கினால் வெப்பம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இந்தச் சின்னக் கணக்குக்கே நாலைந்து விதமான தவறான விடைகள் வருகின்றன. காரணம் பெருக்கல் அல்ல. எதன் நிறை, எது சூடானது, வெப்பத்தைக் கொடுத்தது எது என்று கேட்டுக்கொள்ளாமல் கண்ணில் பட்ட எண்களைச் சூத்திரத்தில் போட்டுவிடுவதுதான்.

நிறையிலிருந்து தொடங்குவோம். சூடாவது கலந்த பிறகு உள்ள கரைசல் முழுவதும். நீர்த்த கரைசலின் அடர்த்தியை நீருடையதாகவே எடுத்துக்கொண்டால் அது 100 கிராம். 50 என்று போட்டால் விடை சரிபாதியாகிவிடும். கரைதல் கணக்கிலும் அப்படித்தான்: 100 கிராம் நீரில் 8 கிராம் அம்மோனியம் நைட்ரேட் கரையும்போது குளிர்வது 108 கிராம் கரைசல். அந்த 8 கிராம் தனியாகத் தேவைப்படுவது மோல் எண்ணிக்கை கண்டுபிடிக்க மட்டும்தான்.

வெப்பநிலை மாற்றத்தோடு 273ஐக் கூட்டாதீர்கள். 6.7 டிகிரி செல்சியஸ் மாற்றம் என்பது 6.7 கெல்வின் மாற்றமேதான். 279.7 அல்ல.

இப்போது நீரின் தன்வெப்பமான 4.18ஐப் போட்டுப் பெருக்கலாம்: 100 × 4.18 × 6.7, அதாவது சுமார் 2800 ஜூல். இதைக் கிலோஜூலாக மாற்றி, விடை 2.8 என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இங்கேதான் இரண்டு பெரிய தவறுகள் நடக்கின்றன.

முதலாவது, குறி. தெர்மாமீட்டர் காட்டுவது கரைசல் பெற்ற வெப்பத்தை. நாம் தேடுவதோ வினை இழந்த வெப்பம். அளவு ஒன்று, திசை எதிர். எனவே கரைசலுக்கு +2.8 என்றால் வினைக்கு −2.8. கரைசல் சூடானால் வினையின் என்தால்பி மாற்றம் எதிர்க்குறி, குளிர்ந்தால் நேர்க்குறி. அம்மோனியம் நைட்ரேட் கரையும்போது வெப்பநிலை இறங்குகிறது, அதன் கரைதல் என்தால்பி நேர்க்குறியில் வருகிறது. 'இறங்கியது, ஆகவே மைனஸ்' என்று எழுதுவது இயல்பாக வருகிற தவறு. அதனால் கணக்கைத் தொடங்கும் முன்பே, குறி என்னவாக இருக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதி வைப்பது மிக நல்ல பழக்கம்.

இரண்டாவது, மோல். கேட்பது ஒரு மோல் நீர் உருவாவதற்கான வெப்பம். இங்கே உருவானது 0.05 மோல். அமிலத்தையும் காரத்தையும் கூட்டி 0.1 என்று போடக் கூடாது. காரம் 0.8 மோலார்தான் என்றால் 0.04 மோல் நீர்தான் உருவாகும், மிச்ச அமிலம் சும்மா இருக்கும். −2.8ஐ 0.05ஆல் வகுத்தால் மோலுக்கு −56 கிலோஜூல். வலிமை மிகு அமிலமும் காரமும் சேரும்போது பாடநூல்கள் தரும் மதிப்பு ஏறத்தாழ −57. கோப்பையும் காற்றும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் சோதனையில் பெரும்பாலும் எண்ணளவு குறைந்தே வரும். நேரம்–வெப்பநிலை வரைபடம் வரைந்து, குளிரும் கோட்டைக் கலந்த நேரம் வரை பின்னோக்கி நீட்டிப் படித்தால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டலாம்.

பனிக்கட்டி வந்தால் வேறு ஒரு சிக்கல். உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெப்பநிலை நகராது. லவாய்சியரும் லாப்லாஸும் 1780களில் பயன்படுத்திய பனிக் கலோரிமீட்டர் இதை நம்பியே இயங்கியது: உருகிய நீரின் எடைதான் அவர்களுக்கு வெப்பத்தின் அளவு. 0 டிகிரியில் உள்ள 10 கிராம் பனியை 20 டிகிரி நீராக்க, உருகவே 3340 ஜூல் வேண்டும். பிறகு சூடாக 836 ஜூல்தான். உருகலை மறந்தால் ஐந்தில் நான்கு பங்கு வெப்பம் காணாமல் போகும்.

பொருளை மூடிய உறுதியான கலனில் எரித்து வெப்பத்தை அளக்கும் பாம் கலோரிமீட்டரில் கருவியின் மொத்த வெப்ப ஏற்புத்திறன் கெல்வினுக்கு இத்தனை கிலோஜூல் என்று கொடுத்திருந்தால், அதை மறுபடி நிறையால் பெருக்க வேண்டாம். அப்புறம், அங்கே கன அளவு மாறாது. கிடைப்பது அக ஆற்றல் மாற்றம், என்தால்பிக்கு வாயு மோல்களின் எண்ணிக்கை மாறுவதற்கான திருத்தம் தேவை. பென்சாயிக் அமிலத்துக்கு இது மோலுக்குச் சுமார் 1.2 கிலோஜூல்தான், மொத்தம் 3227இல் அது சிறிது. ஆனால் கேள்வி என்தால்பி என்றால் அதையும் காட்ட வேண்டும்.

ஹெஸ் விதிக் கணக்குகளில் (வினை எந்த வழியில் நடந்தாலும் மொத்த என்தால்பி மாற்றம் ஒன்றே என்பது அந்த விதி) எது முதலில் என்பதே குழப்பம். உருவாதல் என்தால்பி (தனிமங்களிலிருந்து ஒரு மோல் பொருள் உருவாகும்போதான என்தால்பி மாற்றம்) கொடுத்திருந்தால் விளைபொருள்களிலிருந்து வினைபொருள்களைக் கழிக்க வேண்டும். பிணைப்பு ஆற்றல் என்றால் உடைந்தவற்றிலிருந்து உருவானவற்றைக் கழிக்க வேண்டும். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகிறது என்பதை மனத்தில் வைத்தால் இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை. சமன்பாட்டின் குணகத்தால் பெருக்குவதையும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பொருளின் நிலைமை. நீரின் உருவாதல் என்தால்பி திரவத்துக்கு −285.8, ஆவிக்கு −241.8 கிலோஜூல், மோலுக்கு. மீத்தேன் எரியும்போது இரண்டு மோல் நீர் வருவதால் இந்த 44 கிலோஜூல் வித்தியாசம் இரட்டிப்பாகிறது: திரவ நீர் என்றால் விடை −890, ஆவி என்றால் −802.