மதுரையில் ருபீடியம் பொறி: கோஹெரன்ஸ் கலையாமல் காப்பது

அணுக்கள் 1 மைக்ரோகெல்வினுக்குக் குளிர்ந்து 1064 நானோமீட்டர் லேசர் பொறியில் உட்கார்ந்துவிட்டன. ஆனால் ராம்சே அலை (இரண்டு மைக்ரோவேவ் பல்ஸுக்கு நடுவே காத்திருந்து அளக்கும்போது கிடைக்கும் ஏற்ற இறக்கம்) சில மில்லிவிநாடியிலேயே படுத்துவிடுகிறதா? அணுக்கள் ஒரே தாளத்தில் துடிப்பதுதான் கோஹெரன்ஸ்; அது கலைகிறது. லேசரை விடுங்கள், முதலில் காந்தப்புலத்தைப் பாருங்கள்.

ருபீடியம்-87இன் இரண்டு அடி ஆற்றல் மட்டங்களான எஃப்=1, எஃப்=2 இரண்டிலும் எம்எஃப்=0 நிலையையே எடுங்கள் (எம்எஃப் என்பது புலத்தைப் பொறுத்து அணுவின் சுழற்சி எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்). இடைவெளி 6.8347 ஜிகாஹெர்ட்ஸ். எம்எஃப் 0-இலிருந்து 1-க்குத் தாவும் ஜோடி ஒரு மில்லிகாஸ் ஆட்டத்துக்கே 700 ஹெர்ட்ஸ் ஓடும். 0–0 ஜோடி, 1 காஸ் புலத்தில் வைத்தால், அதே ஒரு மில்லிகாஸ் ஆட்டத்துக்கு 1.15 ஹெர்ட்ஸ்தான் நகரும். அதற்காகப் புலத்தைப் பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள். திசை நிலைக்காமல் எம்எஃப் நிலைகள் கலந்துவிடும்.

எந்தத் திசையில் புலம் என்பது நம் ஊருக்கே உரிய கேள்வி. காந்த நடுக்கோடு சற்றுத் தெற்கே போவதால், இங்கே பூமியின் 0.4 காஸ் கிட்டத்தட்ட தரையோடு தரையாக வடக்கு நோக்கிப் படுத்திருக்கும். நடுப்பகலில் அயனி மண்டல மின்னோட்டம் அதோடு 1 மில்லிகாஸ் வரை கூட்டும், அதுவும் வடக்காகவே. ஆகவே வடக்கு-தெற்கு காயிலால் பூமிப்புலத்தைச் சரிக்கட்டிவிட்டு, 1 காஸைக் கிழக்கு-மேற்காகக் கொடுங்கள். குறுக்கே வரும் அந்த மில்லிகாஸ் மொத்த அளவை ஒரு மைக்ரோகாஸ்கூட மாற்றாது.

கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ஆட்டத்துக்கு, முதல் மைக்ரோவேவ் பல்ஸை லைன் டிரிகரோடு (கரண்ட் அலையின் ஒரே இடத்தில் தொடங்கவைக்கும் சிக்னல்) கட்டுங்கள். மேசைக்கடியில் ஸ்டெபிலைசர் இருந்தால் தள்ளி வையுங்கள். தூரம் இரட்டித்தால் அதன் புலம் ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும்.

இனி சோதனை. காத்திருப்பு நேரத்தை 100 மில்லிவிநாடியில் நிறுத்தி, இரண்டாம் பல்ஸின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றிக்கொண்டே 30 முறை எடுங்கள். புள்ளிகள் (எஃப்=2இல் உள்ள அணுக்களின் பங்கு) 0.1-க்கும் 0.9-க்கும் இடையே தாறுமாறாகச் சிதறினால், சுற்றுக்குச் சுற்று புலம் மாறுகிறது. காயில் கரண்ட்டைப் பாருங்கள். எல்லாம் 0.5-ஐ ஒட்டியே கிடந்தால், மேகத்துக்குள்ளேயே அணுவுக்கு அணு அதிர்வெண் வேறு. 10 மைக்ரோகெல்வின் ஆழப் பொறியின் மையத்தில் ஒளி மட்டும் ஏறத்தாழ 14 ஹெர்ட்ஸ் நகர்த்தும், ஓரத்தில் குறைவு. இதற்குத்தான் நடுவே இரண்டு நிலைகளையும் இடம்மாற்றும் பை பல்ஸ், அதாவது முதல் பாதியில் சேர்ந்த வித்தியாசத்தை இரண்டாம் பாதியில் கழித்துவிடும் ஸ்பின் எக்கோ. லேசர் பவர் இரண்டு பாதியிலும் ஒன்றாக இல்லாவிட்டால் எக்கோவும் கைகொடுக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் கலைகிறதா? அணுக்களை எஃப்=1இல் வைத்து, மைக்ரோவேவ் இல்லாமல் 1 விநாடி பிடித்து, எஃப்=2இல் எண்ணுங்கள். அணு தென்பட்டால் 780 நானோமீட்டர் ரீபம்ப் ஒளி (எஃப்=1 அணுக்களை எஃப்=2-க்கு மாற்றும் லேசர்) கசிகிறது. ஏஓஎம்மை (ஒலியலையால் லேசரைத் திறந்து மூடும் கருவி) அணைத்தால் மட்டும் போதாது. பின்னால் ஒரு மெக்கானிக்கல் ஷட்டர் வேண்டும்.