ஓடுபாதையைச் சுற்றி மட்டும் ஜூம் 18

எக்ஸ்-பிளேன் என்ற விமானப் பறப்புச் சிமுலேட்டருக்கு ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவியைக் கொண்டு செயற்கைக்கோள் படத் தரைக்காட்சி தயாரிப்பவர்கள், ஒரு பாகைச் சதுரம் (அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் ஒரு பாகை அளவுள்ள நிலப்பரப்பு) முழுவதையும் ஜூம் எனும் படத் தெளிவு நிலையில் 16இல் வைத்துவிட்டு விமான நிலையத்தைச் சுற்றி மட்டும் 18 கொடுங்கள். நிலையங்களுக்கெனத் தனித் தெளிவு தரும் வசதி அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது.

ஜூம் ஒரு படி ஏறினால் சேமிக்க வேண்டிய பிக்சல்கள் நான்கு மடங்காகும். 16இலிருந்து 18 என்றால் பதினாறு மடங்கு. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பகுதியில் ஒரு பிக்சல் 16இல் தரையின் சுமார் 1.6 மீட்டரைக் காட்டும், 18இல் சுமார் 0.4 மீட்டரை. இறங்கும் நேரத்தில் ஓடுபாதையோரப் புல்வெளியும் பக்கத்துச் சாலைக் கோடுகளும் கூர்மையாகத் தெரிய அந்த 0.4 வேண்டும்தான். 30,000 அடியில் பறப்பவருக்கு ஆல்ப்ஸ் சரிவின் ஒவ்வொரு மரமும் எதற்கு? புது எஸ்எஸ்டி சேமிப்பகம் வாங்கும் செலவாவது மிஞ்சட்டும்.

ஹெலிகாப்டரிலோ சிறிய செஸ்னா விமானத்திலோ இன் (Inn) ஆற்றுப் பள்ளத்தாக்கில் தாழப் பறந்து ரசிப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்களுக்குப் பறக்கும் தடம் முழுவதும் குறைந்தது ஜூம் 17 வேண்டும். மூலப் படமே மங்கல் என்றால் 18 கொடுத்தும் பயனில்லை, வட்டு நிறைவதுதான் மிச்சம். தயாரிக்கும் முன் முன்னோட்டத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் பிளைட் சிமுலேட்டர் 2020 தரைப்படங்களைப் பறக்கும்போதே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால், அங்கே இந்தக் கணக்கே எழாது.