கோபுரத்தில் இருப்பவளைக் கேளுங்கள்: தேவதைக் கதையைப் பெண்ணிய ஃபேண்டஸியாகத் திருப்பி எழுதுவது எப்படி?

பழைய தேவதைக் கதை ஒன்றை எடுத்து, பதின்பருவ வாசகர்களுக்கான ஃபேண்டஸியாக எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளவரசி கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டால் பெண்ணியக் கதை ஆகிவிடும் என்று நினைத்துத்தான் பலரும் தொடங்குகிறார்கள். பழைய கதையில் அவளைக் கேட்காமலே யாரோ எடுத்த முடிவு ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் அவளே முடிவெடுக்கும்படி செய்ய வேண்டும். வாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரபுன்சல் கதையையே உதாரணமாக வைத்துப் போவோம். சூனியக்காரி கோபுரத்தில் அடைத்து வைத்த பெண் அவள். அவள் இறக்கும் நீண்ட கூந்தலைப் பிடித்துத்தான் சூனியக்காரியும் பிறகு இளவரசனும் மேலே ஏறி வருவார்கள்.

படி 1: பழைய வடிவங்களைத் தேடிப் படியுங்கள்

சினிமாவில் பார்த்த கதையை மட்டும் நம்பி எழுத உட்காராதீர்கள். இன்று நமக்குத் தெரிந்த ரபுன்சல், ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பிலிருந்து வந்தவள். அந்தத் தொகுப்பின் முதல் பதிப்பு 1812இல் வந்தது, அவர்கள் கடைசியாகத் திருத்திய பதிப்பு 1857இல். அதற்கு வெகுகாலம் முன்பே, 1630களில் இத்தாலியில் வெளிவந்த, பசீலே என்ற எழுத்தாளரின் கதைத் தொகுப்பில் இதே கதை இருக்கிறது. அதில் வரும் பெண், அரக்கியின் பேச்சை ஒட்டுக்கேட்டு மந்திரக் காய்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறாள். தப்பி ஓடும்போது அவளே அவற்றை வீசுகிறாள். கடைசிக் காயிலிருந்து வந்த ஓநாய் அரக்கியை விழுங்கிவிடுகிறது. 1698இல் பிரான்ஸில் மத்மசேல் த லா ஃபோர்ஸ் என்ற பெண் எழுத்தாளரும் இந்தக் கதையை எழுதியிருக்கிறார்.

கிரிம் பதிப்புகளையே ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 1812இல் ரபுன்சல், "என் உடை ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது?" என்று கேட்கிறாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது அடைத்து வைத்தவளுக்குப் புரிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு ஏற்ற கதையில்லை என்ற கண்டனம் வந்ததும் அந்த வரி போய்விட்டது. பிந்தைய பதிப்பில் அவள், "இளவரசனைவிட உன்னைத் தூக்குவது ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?" என்று தானாகவே உளறிவிடுகிறாள். கதையை நாகரிகமாக்கப் போய், அந்தப் பெண்ணை அசடாக்கிவிட்டார்கள். இப்படி மாற்றி எழுதப்பட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

படி 2: யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள்

கதையை ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு வரிகளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் செயலைச் செய்பவரை வட்டமிடுங்கள். கர்ப்பிணி ஒருத்தி பக்கத்துத் தோட்டத்துக் கீரைக்கு ஏங்குகிறாள். கணவன் திருடப் போய் மாட்டிக்கொண்டு, பிறக்கப்போகும் குழந்தையையே தருவதாக ஒப்புக்கொள்கிறான். சூனியக்காரி குழந்தையை எடுத்துப்போகிறாள், பன்னிரண்டு வயதில் கோபுரத்தில் அடைக்கிறாள். இளவரசன் ஏறி வருகிறான். விஷயம் தெரிந்ததும் சூனியக்காரி கூந்தலை வெட்டி அவளை விரட்டுகிறாள். ரபுன்சல் பாடுகிறாள், கூந்தலை இறக்குகிறாள், அழுகிறாள்.

இன்னொரு முறை நிதானமாகப் படித்தால் வேறு இரண்டு விஷயங்கள் அகப்படும். ஒன்று, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பட்டு நூல் கண்டு கொண்டு வா, நான் ஏணி பின்னுகிறேன் என்று இளவரசனிடம் சொல்வது அவள்தான். தப்பிக்கும் திட்டம் முழுக்க அவளுடையது! இரண்டு, விரட்டப்பட்ட பிறகு வனாந்தரத்தில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, துன்பப்பட்டு வாழ்கிறாள். அத்தனை வருடமும் கதையில் ஓரிரு வரியில் முடிந்துவிடுகிறது. அப்படி ஓடிக் கடந்த இடத்தில் ஒரு முழு நாவலே இருக்கிறது.

படி 3: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

ஆளே இல்லாத இடத்தில் தனியாகப் பிள்ளை பெற்றவள் எப்படிப் பிழைத்தாள்? சூனியக்காரி எதற்குப் பயந்து கோபுரத்தைக் கட்டினாள்? ஏணி முடிந்திருந்தால், வெளியே ஒருவரையும் தெரியாத பெண் எங்கே போயிருப்பாள்? எல்லாமே நல்ல கேள்விகள்தான், ஆனால் மூன்றையும் ஒரே கதையில் திணித்தால் எதுவும் தேறாது. நான் ஏணியை எடுத்துக்கொள்கிறேன்.

படி 4: முடிவெடுக்க வையுங்கள், அதற்கு ஒரு விலையும் வையுங்கள்

கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டிய படி இது.

ஏணி முடிந்துவிட்டது. இறங்க வேண்டிய இரவு. கீழே பார்த்தால், கோபுரத்தின் அடியில் சூனியக்காரி காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறாள். ரபுன்சலை அடைத்து வைத்தவள் இவள்தான். பேசக் கற்றுக்கொடுத்து, தலை வாரிவிட்டு வளர்த்த ஒரே ஆளும் இவள்தான். தாண்டிப் போகலாம், தங்கியும் பார்க்கலாம். போனால் காலம் முழுக்க அந்த முகம் கண்ணில் நிற்கும். தங்கினால், எழுந்ததும் சூனியக்காரி முதலில் கொளுத்தப்போவது ஏணியைத்தான். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒன்று பறிபோக வேண்டும். அப்போதுதான் அவள் எடுத்த முடிவுக்குக் கனம் வரும்.

அந்த நேரத்தில் இளவரசன் குதிரையில் வந்து சிக்கலைத் தீர்த்துவைத்தால், அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தீர்க்கதரிசனமும் இதே வேலையைத்தான் செய்யும். உலகைக் காக்கவே பிறந்தவள் இவள் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டால், அவளுக்காக வேறு யாரோ முடிவெடுத்துவிட்டதாகத்தானே அர்த்தம்? இளையோர் ஃபேண்டஸியில் இது அடிக்கடி வருகிறது. முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

படி 5: மந்திரத்துக்கு விதி

இருபது முழக் கூந்தலால் என்ன முடியும், என்ன முடியாது, பயன்படுத்தினால் அவள் எதை இழப்பாள் என்று மூன்றே வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய கதைகள் யாரும் எடுத்து எழுதக்கூடிய பொதுச்சொத்து, சினிமாவுக்காகப் புதிதாகச் சேர்த்தவை அப்படியல்ல. ஸ்நோ ஒயிட்டின் ஏழு குள்ளர்களுக்கு கிரிம் கதையில் பெயரே கிடையாது. இன்று எல்லோரும் சொல்லும் பெயர்கள் 1937இல் வந்த டிஸ்னி படத்துக்காக வைத்தவை.

படி 6: மற்ற பெண்களையும் மனுஷிகளாக்குங்கள்

நாயகி ஒருத்தி மட்டும் கெட்டிக்காரி, மற்ற பெண்களெல்லாம் பொறாமைக்காரிகள் என்று எழுதினால் பழைய கதையைத்தான் திரும்ப எழுதுகிறீர்கள். 1812 பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பது பெற்ற தாய். 1819இல் அவளைச் சிற்றன்னை ஆக்கினார்கள். தாய் என்றால் தெய்வம், சிற்றன்னை என்றால் கொடுமைக்காரி என்ற கணக்கை அப்படியே விழுங்காதீர்கள். குழந்தையைக் கீரைக்கு ஈடாகக் கொடுத்துவிட்ட வீட்டில் அந்த அம்மா அதன் பிறகு என்ன ஆனாள்? கதை அவளை அதோடு மறந்துவிடுகிறது. நீங்கள் மறக்காதீர்கள்.

சூனியக்காரிக்கும் ஒரு நியாயம் இருக்கட்டும். ஆனால் அந்த நியாயத்தைக் காட்டி, அடைபட்டுக் கிடந்த பெண்ணைக் கட்டாயப்படுத்தி மன்னிக்க வைக்காதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். அவளுடைய கோபத்தைக் கடைசிப் பக்கம் வரை அவளிடமே விட்டுவைக்கலாம்.

படி 7: குரல்

இளையோர் நாவல்களில் தன்மையில், அதாவது நாயகியே "நான்" என்று கதை சொல்வது சகஜம். புதிதாக எழுதுகிறவர்களுக்கு அது வசதியும்கூட. "பெண்கள் யாருக்கும் அடிமை இல்லை!" என்று நாயகி முழங்கினால் பதினைந்து வயது வாசகி புத்தகத்தை மூடிவிடுவாள். அதே விஷயத்தை உடம்பு வழியாகச் சொல்லிப் பாருங்கள். கூந்தல் வெட்டப்படும் இடம் இது:

"பின்னல் தரையில் விழுந்தது. கழுத்தைத் திருப்பினேன். வலிக்கவில்லை. இத்தனை வருடமும் வலித்துக்கொண்டுதான் இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது."

இதில் அடிமை, விடுதலை என்ற சொற்கள் இல்லை. வாசகிக்குப் புரிந்துவிடும்.

படி 8: காதலும் முடிவும்

காதல் இருக்கலாம், கல்யாணமும் நடக்கலாம். அவள் சம்மதம் எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். தூங்குகிறவளை முத்தமிட்டுத்தான் எழுப்ப வேண்டும் என்று சட்டமில்லை. கிரிம் கதையில் ஸ்நோ ஒயிட் கண் விழிப்பது முத்தத்தால் அல்ல, பெட்டியைத் தூக்கிப்போகும்போது குலுங்கி, தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்ததால். தவளை இளவரசன் கதையிலோ, இளவரசி ஆத்திரத்தில் தவளையைச் சுவரில் அடித்த பிறகுதான் அது மனிதனாகிறது.

எழுதி முடித்ததும் பதின்பருவத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஏணியின் உச்சியில் அவள் நிற்கும் இடத்தில் நிறுத்தி, "நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேளுங்கள். எல்லோரும் யோசிக்காமல் ஒரே பதிலைச் சொன்னால், நான்காம் படிக்குத் திரும்பிப் போய் அந்தக் காட்சியை மறுபடி எழுதுங்கள்.