முதல் இணையதளம்: வடிவமைப்பையும் தேடுபொறி உகப்பாக்கத்தையும் ஒன்றாகச் செய்யும் முறை

இணையதளம் தொடங்குகிறவர்களில் பலர் நிறத்தையும் எழுத்துருவையும் தேர்ந்தெடுப்பதில் வாரக்கணக்கில் செலவிடுகிறார்கள். தளம் வெளியான பிறகு, கூகுளில் தேடினால் தம் பக்கம் எங்கும் தென்படவில்லை என்று தெரியும்போதுதான், எஸ்.இ.ஓ. என்று பரவலாக அழைக்கப்படும் தேடுபொறி உகப்பாக்கத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் பக்க முகவரிகளும் தலைப்புகளும் பட்டியல்களும் நிலைபெற்றுவிடுவதால், கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்துக் குழாய் பதிப்பதைப் போல வேலை இரட்டிப்பாகிறது. கையில் கைப்பேசியுடன் அவசரமாக வந்து நிற்கும் வாசகருக்கு உதவுகிற பக்கத்தைத்தான் தேடுபொறியும் எளிதாகப் புரிந்துகொள்கிறது; ஆகவே இரண்டு வேலைகளையும் முதல் நாளிலிருந்தே ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த விளக்கம் முழுவதிலும், சைக்கிள் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஒரு சிறிய தளத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

தொடங்குவதற்கு முன்: தேடுபொறி என்ன செய்கிறது?

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. கிராலர் எனப்படும் நிரல், இணைப்புகளைப் பின்தொடர்ந்து சென்று புதிய பக்கங்களைக் கண்டெடுப்பது முதல் கட்டம். அந்தப் பக்கத்தைப் படித்து, அது எதைப் பற்றியது என்று கணித்து, தன் அட்டவணையில் பதிவது இரண்டாவது கட்டம். ஒருவர் தேடும்போது பொருத்தமானவற்றை அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுவது மூன்றாவது கட்டம். நம் பக்கம் தேடலில் வரவில்லை என்றால், அது எந்தக் கட்டத்தில் நின்றுபோனது என்பதையே முதலில் கேட்க வேண்டும். கிராலரால் கண்டெடுக்கவே முடியாத பக்கத்தில் சொற்களை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பதால் எந்தப் பயனும் இல்லை.

படி 1: கேள்விகளை எழுதிய பிறகு பக்கங்களைத் தீர்மானியுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில், உங்கள் வாசகர் என்னென்ன கேள்விகளோடு வருவார் என்று இருபது வரிகள் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் "பஞ்சர் ஒட்டுவது எப்படி", "செயின் அடிக்கடி கழல்வது ஏன்", "பின் பிரேக் பிடிக்கவில்லை" என்பவை அந்த வரிகளாக இருக்கலாம். தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வாரோ அந்தச் சொல்லே பக்கத்திலும் இருக்க வேண்டும். பஞ்சர் என்று எல்லோரும் தேடும்போது "காற்றுக்குழாய்த் துளையடைப்பு" என்று மட்டும் எழுதி வைத்தால், தேவைப்படுகிறவரை அந்தப் பக்கம் சென்று சேராது. தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டியதும் கீழே விரியும் பரிந்துரைகள், மக்களின் சொற்களை அறிவதற்கு எளிய வழி.

எழுதிய வரிகளில் ஒரே பதில் உடையவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். "டியூப் பஞ்சர்", "டயர் பஞ்சர்", "சைக்கிள் பஞ்சர்" என்று சொல்லை மட்டும் மாற்றி மூன்று பக்கங்கள் எழுதினால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும். வாசகரும் எதைப் படிப்பது என்று தெரியாமல் குழம்புவார்.

படி 2: முகவரிகளையும் உள் இணைப்புகளையும் அமையுங்கள்

முகப்புப் பக்கம், அதிலிருந்து பிரேக், சக்கரம், செயின் போன்ற பிரிவுகள், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கட்டுரைகள் என்ற எளிய அடுக்கு சிறிய தளத்துக்குப் போதுமானது. பக்க முகவரி சுருக்கமாகவும் பொருள் விளங்கும்படியும் இருக்கட்டும். அதில் தேதியைச் சேர்க்க வேண்டாம், ஏனெனில் அடுத்த ஆண்டு கட்டுரையைப் புதுப்பிக்கும்போது பழைய தேதி முகவரியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாம், கூகுள் அதைச் சரியாகவே படிக்கும். ஆனால் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதாலும், முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியுடன் 3 எழுத்துகளாக விரிவதாலும், "தமிழ்" என்ற ஒரே சொல், அதன் 5 குறியீடுகளுக்கும் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி) சேர்த்து, 45 எழுத்துகள் நீளத்துக்கு வளர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட முகவரியைச் செய்தியில் பார்ப்பவர் அதைச் சந்தேகத்தோடு தவிர்க்கக்கூடும் என்பதால், முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்துகளைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்னும் நிரந்தர ரீடைரக்ட் (தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) வைத்து, அதைக் குறைந்தது ஓராண்டுக்காவது விட்டுவையுங்கள்.

அடுத்து இணைப்புகள். லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையாக அமைந்த பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகளை அதன் முக்கியத்துவத்துக்குச் சான்றாகக் கொண்டது. இன்று வேறு பல அளவுகோல்கள் சேர்ந்துவிட்டாலும், இணைப்புகளின் பங்கு நீங்கிவிடவில்லை. உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டும் இணைப்புகள் முழுவதும் உங்கள் கையில் இருக்கின்றன. "இங்கே சொடுக்கவும்" என்று எழுதுவதற்குப் பதிலாக, "பின் பிரேக்கை இறுக்கும் முறை" என்ற சொற்களின் மீதே இணைப்பை வையுங்கள். மேலும், பக்கத்தின் அமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் முறையான இணைப்புக் குறிச்சொல்லைக் கொண்டே அதை அமையுங்கள். சொடுக்கினால் பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் மூலம் மட்டும் வேலை செய்யும் பொத்தான், மனிதருக்கு இணைப்பாகத் தெரிந்தாலும் கிராலர் அதைப் பின்தொடர்வது உறுதியில்லை.

படி 3: தலைப்பு, விவரிப்பு, உட்தலைப்புகள்

தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் பக்கத்தின் டைட்டில் குறிச்சொல்லில் உள்ள வரிதான். "முகப்பு" என்றோ தளத்தின் பெயரை மட்டுமோ அங்கே எழுதுவது பெரிய வீணடிப்பு. "சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது எப்படி: படங்களுடன் விளக்கம்" என்பது போல, பக்கத்தின் பதில் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள், நீண்டுவிட்டால் கைப்பேசித் திரையில் கடைசிப் பகுதி வெட்டுப்படும். தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கத்துக்காக நாம் எழுதித் தரும் மெட்டா விவரிப்பு தரவரிசையை உயர்த்துவதில்லை, கூகுள் பல நேரங்களில் அதைக் காட்டாமல் பக்கத்திலிருந்தே சில வரிகளை எடுத்துக்கொள்ளவும் செய்கிறது. ஆயினும் அது காட்டப்படும்போது சொடுக்கத் தூண்டுவது அதுதான் என்பதால், இரண்டு நல்ல வாக்கியங்கள் எழுதி வையுங்கள். தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் பகுதியை நிரப்ப வேண்டியதில்லை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

பக்கத்துக்குள் முதன்மைத் தலைப்புக்கு எச்1, பகுதிகளுக்கு எச்2, அவற்றின் உட்பிரிவுகளுக்கு எச்3 என்று வரிசையாகப் பயன்படுத்துங்கள். எழுத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காக மட்டும் தலைப்புக் குறிச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, அது தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸின் வேலை. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் மூலம் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்த ஒழுங்கின் அருமை விளங்கும்.

படி 4: கைப்பேசித் திரையிலிருந்து வடிவமைக்கத் தொடங்குங்கள்

கூகுள் ஒரு தளத்தின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு அட்டவணைப்படுத்துகிறது. 2016இல் அறிவிக்கப்பட்ட இந்த மாற்றம் 2023இல் நிறைவடைந்தது. கணினித் திரையில் மட்டும் தெரிந்து கைப்பேசியில் நீக்கப்படும் உள்ளடக்கம், தேடலைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம். ஆகவே முதலில் குறுகிய திரைக்கு வடிவமைத்து, பிறகு அகன்ற திரைக்கு விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரி இல்லாத பக்கம் கைப்பேசியில் மிகச் சிறிதாகச் சுருங்கித் தெரியும் என்பதால், அது இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

உடல் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் நீள்வதால், வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 மடங்காவது இருந்தால்தான் ஒரு வரியின் சுழி அடுத்த வரியைத் தொடாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்று அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதல் கூறுகிறது. வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் இடுவது அழகாகத் தோன்றினாலும் வெயிலில் படிக்க முடியாது. முகப்பில் தானாக நகரும் படவரிசையை, யார் வற்புறுத்தினாலும், நான் வைக்கச் சொல்ல மாட்டேன். முதல் படம் கடந்த பிறகு வாசகர் காத்திருப்பதில்லை, அது எடுத்துக்கொள்ளும் இடத்தில் முக்கியமான மூன்று கட்டுரைகளுக்கு இணைப்புத் தரலாம்.

படி 5: படங்களும் வேகமும்

சிறிய தளங்கள் மெதுவாகத் திறப்பதற்குப் பெரும்பாலும் படங்களே காரணம். 4000 பிக்சல் அகலத்தில் எடுத்த புகைப்படத்தை 800 பிக்சல் இடத்தில் வைத்தால், தேவைக்கு மேல் பல மடங்கு தரவை வாசகர் இறக்க வேண்டியிருக்கிறது. படத்தைத் தேவையான அளவுக்குக் குறைத்து, கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி அல்லது ஏவிஐஎஃப் வடிவில் சேமியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லில் குறிப்பிட்டால், உலாவி முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடும், படிக்கும்போது பக்கம் திடீரென்று கீழே நகராது. கீழே உள்ள படங்களைத் தாமதமாக ஏற்றும்படி அமைக்கலாம், ஆனால் திறந்தவுடன் தெரியும் முதல் படத்துக்கு அதைச் செய்யாதீர்கள். படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் ஆல்ட் உரையில், படத்தைப் பார்க்க முடியாத ஒருவருக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்: "டயர் நெம்புகோலால் டயரின் விளிம்பைத் தூக்கும் கை".

கூகுள் பயனர் அனுபவத்தை மூன்று அளவுகளால் கணிக்கிறது. முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் பதிலளிக்க வேண்டும். தளவமைப்பு நகர்வின் மதிப்பெண் 0.1க்கு மேல் போகக் கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் இவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மதிப்பெண்ணை 100 ஆக்குவதற்காக நாட்களைச் செலவிட வேண்டாம், இந்த மூன்று எல்லைகளுக்குள் வந்துவிட்டால் மிச்ச நேரத்தை எழுத்துக்குக் கொடுங்கள்.

படி 6: வெளியிடும் நாளில் சரிபார்க்க வேண்டியவை

பாதுகாப்பான இணைப்பு முறையான எச்டிடிபிஎஸ் இயங்குகிறதா என்று பாருங்கள். 2014 முதல் கூகுள் அதைத் தரவரிசைக்கான சிறிய குறிப்பாகவும் கொள்கிறது. தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பை உருவாக்குங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை இடம்பெறலாம் என்பதால் உங்களுக்கு ஒன்றே போதும்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ரோபாட்ஸ் கோப்பும் நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லும். இரண்டும் ஒன்றே என்று தொடக்கநிலையினர் நினைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்க வராதே என்று கிராலரிடம் சொல்வது ரோபாட்ஸ் கோப்பு. படித்துக்கொள், ஆனால் அட்டவணையில் சேர்க்காதே என்று சொல்வது நோஇண்டெக்ஸ். ஒரு பக்கத்தை மறைப்பதற்காக இரண்டையும் சேர்த்துப் போட்டால், கிராலர் உள்ளே வரவே முடியாததால் நோஇண்டெக்ஸ் வரியை அது காண்பதில்லை. வெளியிலிருந்து இணைப்பு இருந்தால் அந்த முகவரி தேடலில் தோன்றவும் கூடும். மறைக்க வேண்டியதற்கு நோஇண்டெக்ஸ் மட்டும் இடுங்கள்; உண்மையிலேயே ரகசியமானதற்குக் கடவுச்சொல் வையுங்கள்.

நான் உருவாக்கிய ஒரு தளத்தில், சோதனைக் காலத்தில் இட்ட நோஇண்டெக்ஸ் வரியை வெளியீட்டின்போது நீக்க மறந்துவிட்டேன். ஏறக்குறைய இரண்டு மாதங்கள் தளம் எந்தத் தேடலிலும் வரவில்லை. அந்தக் காலம் முழுவதும் நான் கட்டுரைகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் பயன்படுத்துகிறவர்கள், அமைப்புகளில் உள்ள வாசிப்புப் பகுதிக்குச் சென்று, தேடுபொறிகளைத் தவிர்க்கும் பெட்டியில் குறி இல்லை என்பதை வெளியிடும் நாளிலேயே உறுதிசெய்ய வேண்டும்.

படி 7: சர்ச் கன்சோலில் பதிந்து, வரும் சொற்களைப் படியுங்கள்

உங்கள் தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் கட்டணமில்லாதது. தளத்தின் பெயரான டொமைனின் அமைப்பில் ஒரு டிஎன்எஸ் பதிவை (அந்தப் பெயர் தொடர்பான விவர வரி) சேர்த்து உரிமையை நிரூபித்த பின், சைட்மேப்பின் முகவரியை அதில் கொடுங்கள். முக்கியமான பக்கங்களை முகவரி ஆய்வுக் கருவியில் இட்டு, அவை அட்டவணையில் ஏறிவிட்டனவா என்று பாருங்கள். புதிய தளம் நிலைபெறச் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான இணைப்புகளை விலைக்குத் தருவதாக மின்னஞ்சல்கள் வரும். அவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். செயற்கையான இணைப்புகளைக் குறிவைத்துக் கூகுள் 2012இல் பென்குயின் என்ற தரவரிசை மாற்றத்தைக் கொண்டுவந்தது. தரவரிசைக்காக இணைப்பை விலைக்கு வாங்குவது இன்றும் அதன் விதிகளுக்கு முரணானது.

செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவு வரை கிடைக்கும். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பவை அதில் இருக்கும். முன்னிடங்களில் நின்றும் சொடுக்குகள் குறைவாக உள்ள பக்கத்துக்கு டைட்டில் வரியை மாற்றி எழுதி, மாற்றிய தேதியைக் குறித்து வைத்து, சில வாரங்கள் கழித்து ஒப்பிடுங்கள். பஞ்சர் பக்கத்துக்கு "டியூப் வால்வில் காற்று கசிகிறது" என்ற தேடலில் பலர் வந்து சேர்வதாகத் தெரிந்தால், அந்தக் கேள்விக்கு உங்கள் தளத்தில் இன்னும் பதில் இல்லை என்று பொருள். அதற்குத் தனிப் பக்கம் எழுதி, பஞ்சர் பக்கத்தில் வால்வைப் பற்றிய வரியிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுங்கள்.